கை வச்சாப் பாடுற பொட்டி

எனக்கு அந்த நானா மேல மொத நாள்லயே சந்தேகம். ஹட்டன் டவுன்ல ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்த முஸ்லிம் ஆளு, நானான்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கடைன்னா என்ன, ஒரு புடவைக் கடைக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் நடுவுல ஒரு ஆள் ஒருக்களிச்சு நிக்கிற எடம். நான் ரேடியோவ சாக்குல சுத்தித் தோள்ல தூக்கிட்டுப் போயி நிக்கிறேன். அவரு சாக்கக்கூட அவுக்கல.

"சத்தம் வருது, ஆனா பேசுறது புரியல, கரகரங்குது. அதானே தம்பி?"

தொட்டுப் பாக்காமயே நோய் சொல்ற டாக்டரையும் எனக்குப் புடிக்காது, இவரையும் புடிக்கல.

ரேடியோ எனக்கு வந்த கதையே ஒரு மாதிரிதான். எங்க தோட்டத்துக் கிளாக்கரய்யா வேற தோட்டத்துக்கு மாறிப் போறப்ப, பேட்டரில ஓடுற அந்தப் பழைய வால்வு ரேடியோவ என் தலையில கட்டிட்டுப் போயிட்டாரு. அவரு வூட்டுத் தோட்டத்துக்கு ரெண்டு வருசம் சும்மா கான் வெட்டி விட்டிருக்கேன், அதுக்குக் கூலியாம். தோட்டத்துலயும் எனக்கு அதான் வேல. மலையில மழைத் தண்ணி ஓடுறதுக்குக் கான் வெட்டுறது. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கினதோட சரி. அந்தப் பள்ளிக்கூடமும் ஒழுகும், அதனால அதுவும் ரொம்ப நாள் இல்ல.

எங்க லயத்துல, அதான் தோட்டத்து லைன் வூட்டுல, ஒட்டி ஒட்டிப் பன்னெண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு ரூம். பன்னெண்டுக்கும் இந்த ஒரு ரேடியோதான். எங்க லயம் கெடக்குறது பள்ளத்துல, நாலு பக்கமும் மலை. வெயிலே பத்து மணிக்குத்தான் யோசிச்சு யோசிச்சு எறங்கி வரும். அப்புறம் இந்தியாவுல இருந்து வர்ற சத்தம் மட்டும் எப்படி நேரா வந்து எறங்கும்? கூரைத் தகரத்துல இருந்து சவுக்கு மரம் வரைக்கும் கம்பி இழுத்துக் கட்டினேன். சத்தம் வந்துச்சு. எண்ணெயில அப்பளம் போட்ட சத்தம். அதுக்குள்ள யாரோ ஒரு ஆளு தொண்டையில முள்ளு சிக்கின மாதிரி பேசுறாரு.

நானா விளக்கம் சொன்னாரு. "ஒன் ரேடியோவுக்கு ஒன்னுமில்ல. கம்பிக்கும் ரேடியோவுக்கும் ஒத்துப் போகல. புருசன் பொண்டாட்டிதான், ஆனா பேச்சுவார்த்த இல்ல. நடுவுல ஒரு ஆள் இருந்து சேத்து வைக்கணும்." சொல்லிட்டு மேசைக்கு அடியில இருந்து ஒரு பிஸ்கட் தகரத்த எடுத்தாரு. மூஞ்சியில ரெண்டு திருகு. மூடியத் தொறந்து காட்டினாரு. உள்ள செப்புக் கம்பிய ஒரு குழாயில வளையல் அடுக்கின மாதிரி சுத்தி வச்சிருக்கு. பக்கத்துல தகடு தகடா விசிறி மாதிரி ஒன்னு, திருகினா ஒன்னுக்குள்ள ஒன்னு போயிப் போயி வருது. "டியூனர்"ன்னாரு.

"ஏரியல் கம்பிய இதுல மாட்டு. இதுல இருந்து ரேடியோவுக்கு ஒரு கம்பி. அப்புறம் இந்தப் பக்கம் இருக்கிற திருகாணியில ஒரு கம்பி கட்டி, ஈர மண்ணுல ஒரு இரும்ப ஆழமா நட்டு, அதுல முடிச்சுப் போடு. அதுக்குப் பேரு எர்த்து. எர்த்து போடாம வந்து என்கிட்ட கொறை சொல்லாத."

இங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. நான் கான் வெட்டுறவன். தண்ணிக்கு ஒரு வழி வெட்டி விட்டா அது எங்க ஓடும்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். மேல இருந்து கம்பி வழியா கஷ்டப்பட்டு எறங்கி வர்ற சத்தத்துக்கு, மண்ணுக்குள்ள ஒரு கான் வெட்டிவிடச் சொல்றாரு இந்த மனுசன்! சத்தம் பூராவும் மண்ணுக்குள்ள எறங்கிப் போயிரும். அடுத்த வாரம் நான் திரும்ப வந்து நிப்பேன், அவரு இன்னொரு தகரத்த விப்பாரு. மனசுக்குள்ளயே சிரிச்சுக்கிட்டு, "சரிங்க நானா"ன்னுட்டு வந்துட்டேன். எர்த்து போடல. அவ்வளவு புத்திசாலி நான்.

வூட்டுல மாட்டிப் பாத்தேன். மொதல்ல ரேடியோ முள்ள டேசனுக்குக் கொண்டு போகணும். அப்புறம் பொட்டியில இடது திருக மெதுவா, ஆத்தாடி எவ்வளவு மெதுவா, திருகணும். ஒரு எடத்துல அந்தக் கரகரப்பே பெருசாகும், மழை நெருங்கி வர்ற மாதிரி. அங்க நிறுத்திட்டு வலது திருகு. ஒரு மயிரிழை தாண்டினா எல்லாம் செத்துப் போயிரும். எனக்கு நம்பர் வாசிக்கத் தெரியாது. அதனால சினிமாப் பாட்டுக்குக் குங்குமப் பொட்டு, நியூசுக்குச் சுண்ணாம்புப் பொட்டு வச்சேன். என் பொண்டாட்டி பாத்துட்டு, "இன்னும் ஒரு மாலையப் போட்டு தேங்கா ஒடைங்க, வரம் குடுக்கும்"ன்னா.

வரம் குடுக்கத்தான் செஞ்சுச்சு, ஆனா கையை எடுக்குற வரைக்கும்தான். தகரத்துல என் கை இருக்குற வரைக்கும் ஆளு பக்கத்துல ஒக்காந்து பேசுற மாதிரி கேக்கும். கையை எடுத்தா அப்பளம். திரும்பத் தொட்டா ஆளு. ஏன்னு எனக்குத் தெரியல, தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டேன். "இது கைராசி பாக்குற பொட்டி"ன்னேன்.

அது பெரிய வேடிக்கையாப் போச்சு. பொழுது சாயுறப்ப வேல விட்டு வந்து கை கால் கழுவிட்டு, லயமே என் காம்பராவுல கூடும். எல்லாரும் நியூசுக்கு. எங்களப் பத்தி ரெண்டு நாட்டுப் பெரிய ஆளுகளும் பேசப் போறாங்களாம், யாரு இங்க இருக்கணும், யாரு இந்தியாவுக்குப் போகணும்னு. அதக் கேக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? கை வைக்கிறதுக்கு காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு மாதிரி நான் பேரு கூப்பிடுவேன். "நீ அஞ்சு நிமிசம், அப்புறம் அக்கா அஞ்சு நிமிசம்." மலைத் தண்ணி விழுற பீலிக்குப் போயித் தண்ணி தூக்கிட்டு ஈரக் காலோட வர்ற பொம்பளைங்க கை வச்சா அப்படியே கணீர்னு இருக்கும். அவங்களுக்கு ஒரே பெரும. "எங்க கைதான் ராசி, நீங்கள்லாம் ஆம்பளைங்களா?"ன்னு கேப்பாங்க. பொட்டிக்கு ஆளத் தெரியும்னு லயத்துக்கே ஒரு நெனப்பு வந்துருச்சு. அத வளத்து விட்டது நான்தான்.

நியூசு முடிஞ்சதும் தோட்டக் கதை நடக்கும். அப்ப மழைக் காலம். நனைஞ்ச கொழுந்துன்னு சொல்லி நிறுவையில அநியாயத்துக்குக் கழிச்சாங்க. எங்க சங்கத்துத் தலைவர், தோட்டத்துலதான் புல்லு வெட்டுறவரு, ஒரு நாள் என் காம்பராவுல வச்சே சொன்னாரு: "புதங்கெழம பகல் நிறுவையில எல்லாப் பொம்பளைங்களும் கூடைய எறக்கி வச்சுட்டு நிக்கணும். தொரை வர்ற வரைக்கும் தூக்கக்கூடாது. இது இந்தக் காம்பராவத் தாண்டக் கூடாது." எல்லாரும் தலையாட்டினோம். நான் சும்மா இருக்க மாட்டாம, "தொரை வர்றதுக்கு முந்தி அவரு மூக்கு வந்துரும், அப்பவே சுதாரிச்சுக்கலாம்"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க.

மறுநாள் காலையில பெரட்டுக் களத்துல தொரை நிக்கிறாரு. கையில பிரம்பு. "புதங்கெழம கூடை கீழ வைக்கும், ஆமா? நீ கூடை வைக்கும், நான் பேரு வெட்டும்"ன்னாரு. போறப்ப என் முன்னால வந்து நின்னாரு. ஒரு விரலால தன் மூக்கத் தொட்டுக் காட்டிட்டுப் போனாரு.

கூடையும் எறங்கல, ஒன்னும் எறங்கல. எறங்கினது என் மானம்தான்.

அன்னைக்குச் சாயங்காலம் எல்லாரும் வந்தாங்க, ஆனா யாரும் ஒக்காரல. தலைவர் கதவ ஒட்டி நின்னுக்கிட்டுக் கேட்டாரு.

"இங்க பேசினது அங்க எப்படிப்பா போச்சு?"

"எனக்கு என்னங்க தெரியும் தலைவரே?"

"ஒன் காம்பராவுலதானே பேசினோம்?"

பின்னால இருந்து யாரோ, "ரேடியோவே கிளாக்கர் வூட்டு ரேடியோதானே"ன்னாங்க. இன்னொரு ஆளு, "கேக்குற பொட்டிக்குச் சொல்லத் தெரியாதா? கம்பி எங்கெங்க போவுதுன்னு யாரு பாத்தா?"ன்னாரு.

என் பொண்டாட்டி அடுப்படியில இருந்து, "ஆட்டுக்கல்லும்தான் இங்கயே கெடந்து கேட்டுச்சு. அதையும் கூப்பிட்டு விசாரிங்க"ன்னா. யாரும் சிரிக்கல. எனக்கு முதுகு வேர்த்துப் போச்சு. தோட்டத்துல கோள் சொல்றவன்னு பேரு வாங்கினா அப்புறம் அவன் வூட்டு அடுப்புக்கு நெருப்புக்கூடக் குடுக்க மாட்டாங்க.

நியூசு நேரம் வந்துச்சு. பேச்ச மாத்தினாப் போதும்னு, "யாரு கை வைக்கிறீங்க?"ன்னேன். அப்ப முன்னால வந்தவருதான் பூட்ஸ் அண்ணன்.

அவரப் பத்திச் சொல்லணும். ஸ்டோருல, அதான் தேயிலை ஃபேக்டரியில, கொழுந்து அரைக்கிற ரோலர்ல வேல. பெரும்பாலும் சாயங்கால வேல, அதனால நியூசுக்கு வர மாட்டாரு. கூடை பேச்சு நடந்த அன்னைக்கு வந்திருந்தாரு, அதுக்கப்புறம் இன்னைக்குத்தான். எங்க லயத்துல எல்லாரும் வெறுங்காலு. அவரு மட்டும் கொஞ்ச காலமா பூட்ஸ். தடிச்ச ரப்பர் அடி போட்ட பழைய பூட்ஸ், தொரைமாரு போடுறது மாதிரி. யாரு குடுத்தான்னு கேட்டா சொல்ல மாட்டாரு. பூட்ஸ் வந்ததுல இருந்து கோயிலுக்கு உள்ள வர்றதில்ல, வெளிய ரோட்டுல நின்னு கும்புட்டுட்டுப் போயிருவாரு.

அவரு கை வச்சாரு. சத்தம் வரல.

கை நல்லா அழுத்தினாரு. அப்பளம்தான் பொரியுது. நான் கை வச்சேன், ஆளு பேசுறாரு. எடுத்தேன். அவரு வச்சாரு. செத்துப் போச்சு.

என் வாய் இருக்கே, அது எனக்கு முன்னாடி போற வாய். "பாத்தீங்களா, பொட்டி வாய மூடிக்கிச்சு! இவருகிட்ட சொன்னா எங்க போகும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு"ன்னேன்.

ஒரு நிமிசம் சிரிப்பு. அப்புறம் சிரிப்பு நின்னுச்சு. எல்லாரு கண்ணும் பொட்டியில இருந்து அவரு கைக்கு, கையில இருந்து காலுக்கு எறங்குச்சு. தலைவர், "இன்னொரு தடவ வைங்க"ன்னாரு. வச்சாரு. இன்னொரு தடவ. மூணு தடவையும் வரல. பூட்ஸ் அண்ணன் என்னப் பாத்தாரு. "என்ன தம்பி இது?"ன்னு மட்டும் கேட்டாரு.

நான் அப்பவே, "சும்மா சொன்னேண்ணே"ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. ஏன்னா, என்னைப் பாத்துக்கிட்டு இருந்த கண்ணெல்லாம் இப்ப அவரப் பாக்குது. முதுகு வேர்வை காஞ்சு ஜிலுஜிலுன்னு இருந்துச்சு எனக்கு.

அதுக்கப்புறம் நடந்தது நான் சொன்ன மாதிரிதான். அவரு பொண்டாட்டி பீலிக்கு வந்தா மத்தப் பொம்பளைங்க கொடத்த எடுத்துக்கிட்டுத் தள்ளி நின்னாங்க. அவரு வூட்டுக்குப் பக்கத்துக் காம்பராவுல பேசுறத நிறுத்திக்கிட்டாங்க. ஞாயித்துக்கெழம கூட்டம் வச்சு சங்கத்துல இருந்து அவரு பேர எடுத்துரணும்னு தலைவர் சொல்லிட்டாரு. சங்கத்துல பேரு இல்லன்னா, தோட்டத்து ஆபீசுல என்ன பிரச்சினைன்னாலும் அவருக்காகப் பேச நாதி கெடையாது. காம்பராவ விட்டு எறங்குன்னா எறங்கித்தான் போகணும்.

வெள்ளிக்கெழம அடிச்ச மழையில எங்க கூரைத் தகரம் ஒழுகுச்சு. ஒழுகுற எடத்துல சட்டியத் தொங்கவிடலாம்னு பலகை பெஞ்சு மேல ஏறினேன். காஞ்ச பலகை. ரேடியோவுல பாட்டு மெதுவாப் போயிக்கிட்டு இருக்கு. பக்கத்துல இருக்கிற பொட்டிய ஒரு கையால புடிச்சேன், நல்லாக் கேக்கட்டுமேன்னு.

வரல.

அழுத்திப் புடிச்சேன். வரல. அப்ப நான்தானா? நானே எனக்குத் தெரியாம போயிச் சொல்லிட்டு வந்தேனா? தூக்கத்துல நடந்து போயி பங்களாக் கதவத் தட்டியிருப்பேனோ? என் மேல எனக்கு எப்பவுமே பெரிய நம்பிக்கை கெடையாது. பொண்டாட்டியக் கூப்பிட்டு, "இந்தாம்மா, நான் தூக்கத்துல எந்திரிச்சு எங்கயாச்சும் போறேனா?"ன்னு கேட்டேன்.

"முழிச்சிருக்கறப்பவே பீலிக்குப் போகச் சொன்னா போக மாட்டீங்க. தூக்கத்துல பங்களாவுக்கு மலை ஏறுறீங்களாக்கும்"ன்னா.

என்னத் தள்ளி விட்டுட்டு அவ பெஞ்சுல ஏறினா. பொட்டியத் தொட்டா. வரல. அவ கைதான் லயத்துலயே ராசியான கை. கீழ எறங்கி மண் தரையில நின்னு தொட்டா. கணீர்னு வந்துச்சு. மேல ஏறினா செத்துச்சு. எறங்கினா வந்துச்சு. நாலு தடவ ஏறி எறங்கிட்டுச் சொன்னா, "கையில ஒன்னுமில்லைங்க. காலு மண்ணுல பட்டாத்தான் பாடுது. அந்த அண்ணன் காலு எங்க மண்ணுல பட்டுச்சு?"

அப்பத்தான் எனக்கு நானா சொன்ன எர்த்து ஞாபகம் வந்துச்சு. இரும்பு நடச் சொன்னாரு. நான் நடல. இத்தனை நாளும் லயத்து ஆளுகளையே ஒவ்வொரு ஆளா நட்டு வச்சிருக்கேன்.

சனிக்கெழம பூட்ஸ் அண்ணன் காம்பராவுக்குப் போனேன். கதவு தொறக்கல. என் பொண்டாட்டி போயி அவரு பொண்டாட்டிகிட்ட என்னமோ பேசின பெறகுதான் தொறந்துச்சு. அண்ணன் கட்டில்ல ஒக்காந்திருந்தாரு, காலுல பூட்ஸ்.

"எதுக்கு வந்த? இன்னும் என்ன வேடிக்க பாக்கி இருக்கு?"

பெஞ்சு கதையச் சொன்னேன். "நாளைக்கு நீங்க பூட்ஸக் கழட்டிட்டு எல்லாரு முன்னாலயும் பொட்டியத் தொட்டாப் போதுமுண்ணே. அவ்வளவுதான்"ன்னேன்.

"கழட்ட மாட்டேன்."

"ஏன்ணே, பேரே போகப் போவுதே?"

அவரு பொண்டாட்டியப் பாத்தாரு. அந்த அக்கா போயிக் கதவச் சாத்துச்சு. குனிஞ்சு ஒரு பூட்ஸக் கழட்டினாரு. துணி சுத்தியிருந்துச்சு, அதையும் அவுத்தாரு. மூணு விரல் இல்ல. ரோலர்ல சிக்கினது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா, "வெளிய தெரிஞ்சா எனக்கும் வேல போகும், ஒனக்கும் வேல போகும்"ன்னு சொல்லி மருந்து போட்டு, தன்னோட பழைய பூட்ஸக் குடுத்திருக்காரு. நொண்டி ஆளுன்னு ஆபீசுக்குத் தெரிஞ்சா வேலைப் புத்தகத்துல பேரு வெட்டிருவாங்க. பேரு இல்லன்னா காம்பராவும் இல்ல.

"நம்மாளுகளுக்குள்ள ஒருத்தன் ஆபீசுக்கு எல்லாத்தையும் சொல்றான். அவன் முன்னால போயி இந்தக் காலக் காட்டச் சொல்றியா?"ன்னு கேட்டாரு.

கழட்டி வச்ச பூட்ஸக் கையில எடுத்துப் பாத்தேன். "அப்ப பூட்ஸ மட்டும் குடுங்கண்ணே. நீங்க வர வேணாம்"ன்னேன். காலப் பத்தி யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு மாரியம்மன் மேல சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் குடுத்தாரு. இப்ப அவரும் செத்துப் போயிட்டாரு, டீமேக்கரும் போயிட்டாரு, அதனாலதான் சொல்றேன்.

ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாலு மணி இருக்கும். ரேடியோவையும் பொட்டியையும் முன் திண்ணையில, அதான் இஸ்தோப்புல, கொண்டாந்து வச்சேன். வாசல்ல லயமே நிக்குது. அண்ணன் அவரு காம்பராவுல கம்பளிய காலு மேல போத்திக்கிட்டு ஒக்காந்திருக்காரு, காய்ச்சல்னு சொல்லி வச்சாச்சு. நான் அந்தப் பூட்ஸப் போட்டுக்கிட்டு நடந்து வர்றேன். ஆளு சின்னவன் நான். ரெண்டு காலையும் ரெண்டு கொழுந்துக் கூடைக்குள்ள விட்ட மாதிரி டொக்கு டொக்குன்னு வர்றேன். பொம்பளைங்க சிரிச்சாங்க.

"தொரை வர்றாருடோய்!"

"மூக்கு மட்டும் பத்தாது!"

பொட்டியத் தொட்டேன். செத்துப் போச்சு. பூட்ஸக் கழட்டி மண்ணுல நின்னு தொட்டேன். பாட்டு கணீர்னு வந்துச்சு. "குத்தம் கையில இல்லைங்க, பூட்ஸுல. ரப்பர் போட்டவன் யாராயிருந்தாலும் பாடாது. வந்து பாருங்க"ன்னேன். தலைவர் நம்பல. அவரே பூட்ஸப் போட்டுத் தொட்டுப் பாத்தாரு. தலைவர் கைக்கும் பாடல. சட்டுன்னு கழட்டிட்டாரு, ரொம்ப நேரம் அதுல நிக்க அவருக்குப் பயம். அப்புறம் ரெண்டு மூணு பேரு பாத்தாங்க. எல்லாருக்கும் அதே கதை.

கொஞ்ச நேரம் ஒரே கலகலப்பு. நான் தப்பிச்சேன்னுதான் நெனச்சேன். அப்ப தலைவர் கேட்டாரு.

"சரி. தெரியாம நடந்துச்சுன்னு வைப்போம். அன்னைக்கு நீ எதுக்கு அவரக் கைகாட்டினே?"

"வெளையாட்டுக்குத்தான் தலைவரே."

"வெளையாட்டுன்னா மறுநாள் சொல்லியிருக்கலாமே. ஒரு வாரம் பாத்துக்கிட்டு இருந்தியே?"

பக்கத்துல ரேடியோ கரகரங்குது. என் பொண்டாட்டி என்னையே பாக்குறா. பொய் ஒன்னு ரெடியாத்தான் இருந்துச்சு, ஆனா அவ பாக்குறப்ப எனக்குப் பொய் வராது.

"எல்லாரும் என்னப் பாத்தீங்க. அவரப் பாத்தா என்னப் பாக்க மாட்டீங்கன்னுதான்"ன்னேன்.

அண்ணன் பேரு சங்கத்துல இருக்கும்னு தலைவர் சொன்னாரு. கூட்டம் கலைஞ்சுச்சு. போறப்ப ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளைகிட்ட மெதுவாச் சொன்னது என் காதுல விழுந்துச்சு: "அவரு இல்லன்னா, அப்ப இவன்தானே?"

மறுநாளே ஒரு ஒடைஞ்ச அலவாங்க, கல்லு நெம்புற கடப்பாரைய, பீலித் தண்ணி ஓடுற ஈரத்துல முக்கால்வாசி எறக்கி, கம்பி கட்டி, அந்தத் திருகாணியில முடிச்சுப் போட்டேன். நானா சொன்னது சரிதான். யாரு கையும் வேணாம், அப்படி ஒரு சுத்தம். நியூசு வாசிக்கிறவரு எச்சி முழுங்குறதுகூடக் கேக்குது. கேக்க நானும் பொண்டாட்டியும்தான். மத்தவங்க என் வாசலத் தாண்டுறப்ப, அதுவரைக்கும் பேசிக்கிட்டு வந்தத நிறுத்தி, தாண்டின பெறகு மிச்சத்தப் பேசினாங்க. சங்கத்துக் கூட்டம் தலைவர் காம்பராவுக்கு மாறிருச்சு. எனக்குச் சொல்லி விடல. அண்ணனுக்குச் சொல்லி விட்டாங்க.

ரெண்டு மாசம் இருக்கும். பெரட்டுல தொரை மறுபடியும் பிரம்பத் தூக்கினாரு. தலைவர் காம்பராவுல முந்தின நாள் பேசினது, மனு எழுதி ஹட்டன்ல இருக்கிற சங்கத்துப் பெரிய ஆபீசுக்கு அனுப்புறதுன்னு பேசினது, அப்படியே ஒப்பிச்சாரு. சுத்தி நின்னவங்க மூஞ்சியெல்லாம் செத்துப் போச்சு. எனக்கு மட்டும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நான் அந்தக் காம்பராப் பக்கமே போகல, அது எல்லாருக்கும் தெரியும். என்னையே பாத்துக்கிட்டு இருந்த தலைவர் கண்ணத் தாழ்த்திக்கிட்டாரு. நம்ம எல்லாரையும் ஒருத்தன் வித்துட்டான்னு கேட்டு சிரிச்ச மூஞ்சியோட நின்ன ஒரே கூலிக்காரன் நான்தான்.

கான் வெட்டப் போற வழியிலதான் சிரிப்பு நின்னுச்சு. தலைவர் காம்பராவுல யாரு யாரு இருந்திருப்பாங்கன்னு ஒவ்வொரு ஆளா எண்ணிக்கிட்டே போனேன். பூட்ஸ் அண்ணனும் இருந்தாரு. ரப்பர் பூட்ஸுக்குப் பாடாதுன்னு நான்தான் நிரூபிச்சேன். ஆனா அவரு கதையில இன்னொரு பாதி எனக்கு மட்டும்தான் தெரியும். அவரு மூணு விரலும் டீமேக்கர் கையில இருக்கு. டீமேக்கர் தெனமும் பங்களாவுக்குப் போறவரு. ஒரு நாள் சும்மா கூப்பிட்டு, "லயத்துல என்னப்பா பேசிக்கிறாங்க?"ன்னு கேட்டா, அந்த மனுசன் என்ன செய்வாரு? காம்பரா போகும்னு தெரிஞ்சா நான் என்ன செய்வேன்? நான் என்ன செஞ்சேன்னுதான் பாத்தாச்சே.

மம்பட்டிய மண்ணுல குத்திட்டு ரொம்ப நேரம் நின்னேன். தலைவர்கிட்ட சொல்லணும்னா அண்ணன் காலப் பத்திச் சொல்லணும். சொல்லிட்டு, கோள் சொன்னது அவரு இல்லன்னு ஆயிருச்சுன்னா? ஒரு தடவ அந்த மனுசன நாக்காலயே அடிச்சது பத்தாதா? வேலைய மேற்பாக்குற கண்டாக்கையா மேல இருந்து, "என்னய்யா, நட்டு வச்ச மாதிரி நிக்கிற?"ன்னு கத்தின பெறகுதான் குனிஞ்சேன்.

அன்னைக்குப் பொழுது சாயுறப்ப யாரோ வாசல்ல கனைச்சாங்க. பூட்ஸ் அண்ணன். அந்த ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம் மொத தடவையா வர்றாரு. வாங்கண்ணேன்னு சொன்னேன். பெஞ்சுல ஒக்காந்தாரு. பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி குடுத்தா. நியூசு ஓடுச்சு. எங்களப் பத்தி இன்னும் பேசி முடிக்கலையாம், மறுபடியும் பேசுவாங்களாம்.

"நல்லாக் கேக்குதே தம்பி"ன்னாரு.

"எர்த்து போட்டிருக்கேண்ணே."

"ம்."

கொஞ்ச நேரம் கழிச்சு, "என்ன, பேச்சே காணோம்? வாய் ஓயாத ஆளாச்சே. லயத்துல என்ன பேசிக்கிறாங்க?"ன்னாரு.

சாதாரணமாத்தான் கேட்டாரு. லயத்துல யாரும் யாருகிட்டயும் கேக்குற கேள்விதான். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள பாத்தேன். "இந்த வருசம் மழை சாஸ்திதாண்ணே"ன்னேன். "கானெல்லாம் மண்ணு அடைச்சுக் கெடக்கு."

அவரு தலையாட்டினாரு. கோப்பைய வச்சுட்டு எந்திரிச்சாரு. ஒரு காலக் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தாரு, யாரும் பாக்கலன்னு நெனச்ச மாதிரி.

பொண்டாட்டி கோப்பைய எடுக்க வந்தா.

"என்ன பேசினீங்க?"

"மழையப் பத்தி."

"வேற?"

"கானப் பத்தி."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"சரி, வந்து சாப்பிடுங்க"ன்னா.